முடித்தேன் என்று எழுதுங்கள்

அன்புள்ள வாண்டுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். ஆறடி உயரமும் அரை வழுக்கையும் வந்த பிறகும் வாண்டு என்று கூப்பிடுகிறாளே என்று கோபித்துக்கொள்ளாதே, வேறு பேர் என் கைக்கு வரவில்லை. இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம். மாமாவுக்கு முழங்கால் வலி. காலமெல்லாம் லிஃப்ட் பழுதுபார்க்கிற மனுஷனுக்கு மாடிப்படி ஏறினால் வலிக்கிறதாம், சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எனக்குக் கண்ணாடியின் பவர் மறுபடியும் கூடிவிட்டது. அச்சகத்தில் இந்த மாதம் பூகோளப் பாடப்புத்தகம் ப்ரூஃப் பார்க்கிறேன். போன வாரம் 'எரிமலை' என்று வர வேண்டிய இடத்தில் 'எருமலை' என்று இருந்தது. என் கண்ணில் படாமல் போயிருந்தால் அந்த வருஷத்துப் பிள்ளைகள் எல்லாம் எருமைதான் நெருப்பைக் கக்குகிறது என்று எழுதி மார்க் வாங்கியிருப்பார்கள்.

சரி, சுற்றி வளைத்தது போதும். போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை முயன்றேன். நீ "சொல்லுக்கா" என்பாய். நான் மழை, குழாய்த் தண்ணீர், மாமாவின் முழங்கால் என்று எதையாவது உளறிவிட்டு வைத்துவிடுவேன். விஷயம் இதுதான். அம்மா போன அந்த மதியத்தைப் பற்றி நான் உன்னிடம் சொன்னது முழு உண்மை இல்லை. விட்டுப்போனதை ஒரே ஒருத்தரிடம் வாய்திறந்து சொன்னேன். சொன்ன மறு வாரமே அவர் என்னை வரவேண்டாம் என்று நிறுத்திவிட்டார். இப்போது உன்னிடம் சொல்லப்போகிறேன். நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாது, பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கடைசிவரை படித்துவிடு.

அம்மா போன பிறகு எனக்குத் தூக்கம் போனது உனக்குத் தெரியும். வாசல் கதவின் தாழ்ப்பாளை ஒரு நாளைக்கு நாற்பது தடவை தொட்டுப் பார்ப்பேன். அச்சகத்தில் ஒரே வரியை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மேலாளர்தான் பொறுக்க முடியாமல் மனநல ஆலோசனை தருகிற ஒரு கவுன்சிலர் அம்மாவின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார். நீகூடக் கேலி பண்ணினாய், "பேசறதுக்கு ஆளா இல்ல, நான் என்ன செத்தா போயிட்டேன்" என்று. உன்னிடம் பேச முடியாததைப் பேசத்தான் அங்கே போனேன் என்று அன்றைக்கு எனக்கே தெரியாது.

வியாழக்கிழமை நாலு மணி என் நேரம். இரண்டாவது மாடியில் ஒரு சின்ன அறை. எதிரெதிராக இரண்டு நாற்காலி, நடுவில் ஒரு குட்டை மேசை, என் பக்கம் டிஷ்யூ பெட்டி. கடிகாரம் என் தலைக்குப் பின்னால் மாட்டியிருக்கும், அவருக்கு மட்டும்தான் தெரியும். கீழ் மாடியில் பல் டாக்டர். நான் இங்கே அழுகிறபோதெல்லாம் அங்கே யாருக்கோ பல்லைத் துளைத்துக்கொண்டிருப்பார்கள். மாடியில் நானும் கீழே அந்த நோயாளியும் சேர்ந்து வாயைத் திறந்துகொண்டிருக்கிறோம் என்று ஒரு தடவை சொன்னேன். கவுன்சிலர் விழுந்து விழுந்து சிரித்தார்.

நல்லவர் வாண்டு. அதை எழுதாவிட்டால் எனக்கே அடுக்காது. இரண்டரை வருஷம் ஒரு வாரம்கூடத் தாமதமாக வந்ததில்லை. நான் சொன்ன சின்னச் சின்ன விஷயத்தையெல்லாம் ஞாபகம் வைத்துக் கேட்பார். தாழ்ப்பாளை நாற்பது தடவை தொட்டவள் மூன்று தடவைக்கு வந்தேன். ராத்திரி தூங்கினேன். அவர்தான் என்னை அந்தப் பள்ளத்திலிருந்து ஏற்றிவிட்டார்.

அதோடு நின்றிருக்கலாம். அவர் நிற்கவில்லை. "இன்னும் ஏதோ ஒண்ணு உள்ள வச்சிருக்கீங்க. அவசரமே இல்ல. நீங்க எப்பச் சொன்னாலும் நான் இங்கதான் இருப்பேன்" என்பார். ஒரு தடவை இல்லை, பல தடவை சொன்னார். நம்பிவிட்டேன். ஒரு வியாழக்கிழமை சொல்லியும்விட்டேன்.

இனி நான் எழுதப்போவதுதான் உன்னிடம் சொல்லாமல் விட்டது.

முந்தின நாள் முழுக்க அச்சு வேலை, தூக்கமில்லை, மதியம் படுத்தேன், கண் அசந்துவிட்டது, அம்மா கதவைத் திறந்துகொண்டு போனது தெரியவில்லை. இப்படித்தான் உன்னிடம் சொன்னேன். மாமாவிடமும் போலீஸிடமும் இதையேதான் சொன்னேன். ஆனால் எனக்குத் தெரிந்தது வாண்டு. நான் தூங்கவில்லை. தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. அம்மா காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிற சத்தம் கேட்டது. எழுந்திரு என்று மனசு சொன்னது. கூடவே இன்னொன்றும் சொன்னது. போகட்டும், தெருமுனைவரை போய்விட்டு வரட்டும், ஐந்து நிமிஷம், ஒரே ஒரு ஐந்து நிமிஷம் யாரும் என்னைப் பார்த்து "நீ யாரு, எம்பொண்ணு எங்க" என்று கேட்காமல் இருக்கட்டும். அப்படி நினைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியாது. லாரி பிரேக் போட்ட சத்தத்தில்தான் எழுந்தேன்.

இதைத்தான் அவரிடம் சொன்னேன். சொல்லி முடித்தபோது அவர் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. என் தலைக்கு மேலே கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னிக்கு இதோட நிறுத்திக்கலாமா" என்றார். எனக்கு அதுகூட உறைக்கவில்லை. நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கி வைத்தாயிற்று என்கிற சந்தோஷத்தில் ஐம்பத்தொரு வயதில் நடுத்தெருவில் நின்று ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டேன். முன்பக்கமெல்லாம் ஒழுக விட்டுக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை போன் வந்தது. பேசியது அவர் இல்லை, முன் மேசையில் உட்கார்ந்திருக்கிற பெரியவர். "மேடம் உங்களோடது எல்லாத்தையும் முடிச்சுட்டாங்கம்மா. இனிமே நீங்க வர வேண்டியதில்ல" என்றார். ஏன் என்று கேட்டேன். "அது எனக்குத் தெரியாதும்மா. நல்லாயிட்டீங்கன்னுதான் அர்த்தமா இருக்கும்" என்று, பாவம், அவருக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னார். நாலு தடவை போன் பண்ணினேன். இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. அடுத்த வியாழக்கிழமை நாலு மணிக்குப் போய் அந்த வராந்தாவில் நின்றேன். கதவில் பதித்திருந்த கண்ணாடி வழியாக என் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பது மங்கலாகத் தெரிந்தது. சத்தம் போடாமல் இறங்கி வந்துவிட்டேன்.

நான் வேறு என்ன நினைக்க முடியும், சொல். மனுஷர்கள் சொல்வதைக் கேட்பதையே தொழிலாக வைத்திருக்கிற ஒருத்தராலேயே காது கொடுத்துக் கேட்க முடியாத காரியத்தைச் செய்தவள் நான். அப்படித்தான் நினைத்தேன். மூன்று தடவைக்கு வந்திருந்த தாழ்ப்பாள் அறுபது தடவையானது. சோறு இறங்கவில்லை. எழுதக் கூசுகிற நினைப்புகளும் வந்தன. இப்போது இல்லை, பதறாதே. ஏழு மாசம் நீ எப்போது கேட்டாலும் "வேலை ஜாஸ்திடா" என்றேனே, அந்த வேலை இதுதான்.

மாமா ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தார் போல. ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வேறொரு கவுன்சிலரிடம் நேரம் வாங்கிவிட்டு வந்து நின்றார். அந்தக் கவுன்சிலர் வயதானவர், காதில் கருவி மாட்டியிருக்கிறார். கேட்கப் பிடிக்காவிட்டால் கழற்றி வைத்துவிடலாம், என்னைத் துரத்த வேண்டியதில்லை என்று நினைத்தேன், அதனாலேயே அவரைப் பிடித்துப்போயிற்று. அவர் முந்தைய ஆலோசனையின் முடிவறிக்கை வேண்டும் என்றார். எழுதிக் கேட்டேன், இந்தத் தடவை வந்தது. மூன்றே வரி: "பயனாளி இரண்டரை ஆண்டுகள் ஆலோசனையை பெற்றார். நல்ல முன்னேற்றத்தை கண்டுள்ளார். இரு தரப்பு ஒப்புதலுடன் ஆலோசனை முடிந்தது."

எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறிவிட்டது. இரு தரப்பு ஒப்புதலாம்! என் தரப்பு எங்கே ஒப்புக்கொண்டது, ஐஸ்கிரீம் கடையிலா? அதைக்கூட விடு. 'முடிந்தது' என்று எழுதியிருக்கிறார் பார். மழை முடிந்தது, பரீட்சை முடிந்தது என்கிற மாதிரி அதுபாட்டுக்கு முடிந்துவிட்டதாம். இருபத்தாறு வருஷமாக எழுத்தெழுத்தாகப் பார்த்துச் சோறு தின்கிறவளிடம் இந்த வேலையா? 'ந்' போட்டால் செய்தவர் வாக்கியத்தை விட்டே நழுவிவிடலாம். 'த்' போட்டால் வந்து நின்றாக வேண்டும். உடைந்தது என்றால் பாத்திரத்தின் குற்றம். உடைத்தேன் என்றால் கை யாருடையது என்று சொல்லியாக வேண்டும்.

சிவப்புப் பேனாவை எடுத்தேன். 'இரு தரப்பு ஒப்புதலுடன்' என்பதை நீளமாக ஒரு கோடு போட்டு வெட்டினேன். 'ஆலோசனை முடிந்தது' என்பதை அடித்து, ஓரத்தில் 'ஆலோசனையை முடித்தேன்' என்று எழுதினேன். திருத்தி அனுப்பவும் என்று கீழே குறித்துத் தபாலில் சேர்த்தேன். இரண்டு வாரத்தில் புதிதாக டைப் அடித்த தாள் வந்தது. ஆவலாகப் பிரித்தேன். "ஆலோசனையைப் பெற்றார். நல்ல முன்னேற்றத்தைக் கண்டுள்ளார். இரு தரப்பு ஒப்புதலுடன் ஆலோசனை முடிந்தது." என்ன ஆயிற்று தெரிகிறதா? பழக்க தோஷத்தில் விட்டுப்போன 'ப்'பையும் 'க்'கையும்கூட நான் போட்டு அனுப்பியிருக்கிறேன். அவர்கள் அந்த இரண்டை மட்டும் சமர்த்தாகத் திருத்திவிட்டு, மற்றதை அப்படியே வைத்துவிட்டார்கள்! மாமா "ஓசியில ப்ரூஃப் பாத்துக் கொடுத்திருக்க" என்று சிரிக்க ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நிறுத்தினார்.

அன்றைக்குத்தான் எனக்குப் பிடிவாதம் வந்தது. கவுன்சிலர்களைக் கண்காணிக்கிற வாரியம் ஒன்று இருக்கிறது. அதற்கு நடந்ததை நடந்தபடி எழுதி, ஒரு திங்கட்கிழமை பதிவுத் தபாலில் அனுப்பினேன். பிறகு முன் மேசைப் பெரியவருக்குப் போன் பண்ணினேன். மேடம் பார்க்க மாட்டார் என்றார். "நான் ஆலோசனைக்கு வரல ஐயா. ஒரு திருத்தம் பாக்கி இருக்கு, அதை வாங்கத்தான் வரேன். எந்நேரமானாலும் வெளியில உட்கார்ந்திருப்பேன்னு சொல்லுங்க" என்றேன். புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு வரச் சொன்னார்கள்.

மாமா படிக்கட்டுவரை வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு கீழேயே உட்கார்ந்துவிட்டார். நான் மேலே போனேன். வீரமாகப் போனேன் என்று நினைக்காதே. திரும்பிப் போய்விடலாமா என்று படிக்குப் படி நின்று நின்றுதான் ஏறினேன். அதே அறை, அதே பெட்டி, கீழே அதே துளைக்கிற சத்தம். அவர் இளைத்திருந்தார். உட்கார்ந்ததும் "உங்க கோபம் எனக்குப் புரியுது" என்று ஆரம்பித்தார். அந்தக் குரலைக் கேட்டதும் பழையபடி அழுதுவிடுவேன் என்றுதான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு "புரிய வேணாம் மேடம், பதில் சொன்னாப் போதும்" என்றேன்.

நான் நன்றாகத் தேறியிருந்ததாகவும், அந்தக் கட்டத்தில் முடிப்பதுதான் சரி என்று பட்டதாகவும் சொன்னார். அதை என் முகத்தைப் பார்த்து ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தொழிலில் சில எல்லைகள் உண்டு என்றார். இரண்டரை வருஷமாக என்னிடம் அப்படி வழவழவென்று அவர் பேசியதே இல்லை. இரண்டு அறிக்கையையும் மேசைமேல் வைத்தேன். "நான் சொன்னதைக் கேட்டு உங்களுக்கு என்மேல அருவருப்பு வந்துடுச்சா? ஆமான்னா ஆமான்னு சொல்லுங்க, தாங்கிப்பேன். தெரியாம இருக்கறதைத்தான் தாங்க முடியல" என்றேன்.

அவர் இரண்டு அறிக்கையையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தார். பிறகு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் தன்னைப் பற்றிச் சொன்னார். அவர் அம்மாவுக்கும் அதே மறதி நோய். வீட்டில் வைத்து அவர் ஒருத்தர்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம். "அன்னிக்கு நீங்க சொல்லிட்டுப் போனதுக்கப்புறம் வீட்டுக்குப் போனேன். அம்மா கதவுகிட்ட நின்னுட்டிருந்தாங்க. எனக்கும் அதே நினைப்பு வந்துச்சு. போகட்டும்னு. நீங்க சொன்ன அதே வார்த்தை. அந்த வாரமே அம்மாவை ஒரு இல்லத்துல சேர்த்துட்டேன். அதுக்கப்புறம் உங்களைப் பாக்கற தைரியம் வரல" என்றார். சொல்லிவிட்டு அழுதார். டிஷ்யூ பெட்டி வழக்கம்போல என் பக்கம்தான் இருந்தது. உடனே தள்ளிவிட்டேன் என்று நினைக்கிறாயா? இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தள்ளினேன். உன் அக்கா ஒன்றும் தேவதை இல்லை.

இரக்கமாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் கோபமும் அப்படியே இருந்தது. ஒன்று வந்தால் இன்னொன்று போய்விடும் என்று நினைத்திருந்தேன், போகவில்லை. "அது உங்க பயம் மேடம். அதை என் தலையில கட்டிட்டுக் கதவைச் சாத்திட்டீங்க. என்னால முடியல, வேற ஒருத்தர்கிட்ட அனுப்பறேன்னு ஒரு வரி சொல்லியிருந்தா நான் போயிருப்பேன்" என்றேன். மன்னிப்புக் கேட்டார். "அது அப்புறம். முதல்ல எழுதுங்க. முடித்தேன்னு எழுதுங்க" என்றேன். வாரியம் இதைப் பார்த்தால் தன் வேலைக்கே ஆபத்து வரலாம் என்று மெதுவாகச் சொன்னார். வாரியத்துக்கு ஏற்கெனவே எழுதிவிட்டேன் என்றும், முதுகுக்குப் பின்னால் செய்ததாக இருக்கக்கூடாது என்றுதான் நேரில் சொல்ல வந்தேன் என்றும் சொன்னேன். "வியாழக்கிழமை நாலு மணிக்கு இந்த நாற்காலில இப்ப யாரோ உட்கார்றாங்க. அவங்க நாளைக்கு எதைச் சொல்லப்போறாங்கன்னு உங்களுக்கும் தெரியாது" என்றேன். அவர் பேனாவைக் கையில் எடுத்தார்.

ஒரு தாளை எடுத்துக் கையாலேயே எழுதினார். "இவருடைய ஆலோசனையை நான் முடித்தேன். காரணம் சொல்லாமலும், வேறு ஒருவரிடம் அனுப்பாமலும் முடித்தேன். காரணம் என்னிடம் இருந்தது, அவரிடம் இல்லை." கையெழுத்தும் தேதியும் போட்டார். வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தேன். அவர் வாசல்வரை வந்தார். அவர் அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "என்னை யாருன்னு கேக்கறாங்க" என்றார். தலையாட்டிவிட்டுப் படி இறங்கினேன். மன்னித்துவிட்டேனா என்று நீ கேட்டால், தெரியாது என்பதுதான் பதில். புகாரைத் திரும்ப வாங்கவில்லை. வாங்கவும் மாட்டேன்.

கீழே வந்து மாமாவின் பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மதியத்தையும் சேர்த்து. அவர் தன் முழங்காலை நீவிக்கொண்டே கேட்டார். "ஆறு வருஷம் பாத்துக்கிட்ட. ஒரு மதியம் முடியல" என்றார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் சொல்றது செல்லாது. அவனுக்கும் அம்மாதானே, அவன்கிட்ட சொல்லு" என்றார்.

அவர் சொல்லாவிட்டாலும் சொல்லத்தான் வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து அந்தத் தாளை மறுபடியும் படித்தபோது வெட்கமாக இருந்தது வாண்டு. ஒரு எழுத்துக்காக இன்னொருத்தியை அந்தப் பாடு படுத்தினேனே, நான் உனக்குச் சொன்னது என்ன? 'கண் அசந்துவிட்டது' என்றேன். கண்ணா அசந்தது? நான்தான் மூடினேன். அவர் ஏழு மாசம் மறைத்தார், நான் மூன்று வருஷத்துக்கும் மேலாக உன்னிடம் மறைத்திருக்கிறேன்.

நீ வந்து சேர்வதற்குள் அம்மாவை அடக்கம் செய்துவிட்டோம். இரண்டு நாள் கழித்து, பெட்டியைக்கூட இறக்கி வைக்காமல் வாசலிலேயே நின்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உன்ன மாதிரி யாரும் அம்மாவைப் பாத்திருக்க முடியாதுக்கா" என்றாய். வந்திருந்தவர்கள் எல்லார் காதிலும் அது விழுந்தது. நான் வாயைத் திறக்காமல் அதை வாங்கிக்கொண்டேன். அது எனக்குச் சேர வேண்டியதா இல்லையா என்று இனி நீதான் சொல்ல வேண்டும். திரும்ப எடுத்துக்கொள்வதானாலும் எடுத்துக்கொள், உனக்கு அந்த உரிமை உண்டு.

திட்ட வேண்டும் என்றால் திட்டு. அடுத்த வருஷம்வரை உன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றாலும் சரி, நான் பொறுத்துக்கொள்வேன். ஆனால் அதை உன் வாயால் சொல். மாமாவிடம் சொல்லி அனுப்பாதே, வேலை அதிகம் என்று சாக்குச் சொல்லாதே, ஒன்றும் சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதே. அதை இன்னொரு தடவை என்னால் தாங்க முடியாது.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருகிற வாரத்து ஞாயிற்றுக்கிழமை நான் வேறு எங்கும் போகமாட்டேன், போன் பக்கத்திலேயே இருப்பேன். நீ போன் பண்ணு. நான் எடுத்ததும் உனக்குப் பேச்சு வராவிட்டால் பேச வேண்டாம், லைனிலேயே இரு. நீ மூச்சு விடுகிற சத்தம் கேட்டால் போதும், நீதான் என்று எனக்குத் தெரியும்.

வேளைக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள். என்மேல் கோபமாக இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

எப்படியானாலும் உன்
அக்கா